டீசல் எங்கே நிற்கிறது?

நடு வயலில் பழைய டிராக்டர் ஒன்று நின்றுவிட்டால், வரப்பில் கூடுகிறவர்களில் யாராவது ஒருவர் "பம்பு போயிருக்கும்" என்று சொல்லிவிடுவார். சொல்வது சுலபம். அதை நம்பி பம்பைக் கழற்றிக் கடைக்கு அனுப்பினால் வண்டி நாள்கணக்கில் படுத்துவிடும், பணமும் ஆயிரக்கணக்கில் போகும். டீசல் பம்ப் அந்த எஞ்சினிலேயே மிக நுணுக்கமாகச் செய்யப்பட்ட பாகம். காலையில் நன்றாக இழுத்துவிட்டு மதியம் கைவிரிக்கிற பழக்கம் அதற்கு அநேகமாகக் கிடையாது. தேய்ந்தால் போகம் போகமாகத் தேயும். ஸ்டார்ட் ஆவது கொஞ்சம் கொஞ்சமாகச் சிரமமாகும், இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டியில் திடீரென்று வந்த கோளாறு பெரும்பாலும் பம்புக்கு முன்னால், டேங்கிலிருந்து டீசல் வருகிற வழியில்தான் இருக்கும்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் ஒரே ஓர் ஒழுங்கைத்தான் பிடிவாதமாகச் சொல்லப்போகிறேன். டேங்கில் தொடங்குங்கள். டீசல் போகும் திசையிலேயே நீங்களும் போங்கள். ஒவ்வோர் இடத்திலும் டீசல் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். பம்பில் ஸ்பேனர் வைப்பதைக் கடைசிக்கு ஒதுக்குங்கள்.

டீசல் போகும் பாதை

நாம் பேசுவது சென்சாரும் கம்ப்யூட்டரும் இல்லாத பழைய டிராக்டர் எஞ்சின்களைப் பற்றி. மெஸ்ஸி ஃபெர்குசன் 1035-ல் உள்ள சிம்சன் எஞ்சின், மஹிந்திரா பி-275 எஞ்சின் போன்றவை. இவற்றில் பெரும்பாலும் வரிசைப் பம்ப்தான் இருக்கும். சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளஞ்சர்கள் வரிசையில் நிற்கும். இந்தப் பம்புகளைச் செய்துவந்த, 1951-ல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. நம் ஊர்ப் பம்ப் கடைகளில் அது இன்றும் மைக்கோ பம்புதான். வேறு சில வண்டிகளில் உருண்டையான ரோட்டரி பம்ப் இருக்கும். அதில் ஒரே ஜோடிப் பிளஞ்சர்தான் எல்லாச் சிலிண்டர்களுக்கும் முறைவைத்து டீசலைப் பங்கிடுகிறது.

டேங்க், அதன் அடியில் திறப்பான், அங்கிருந்து ஒரு பைப் அல்லது ஹோஸ், ஃபீட் பம்ப், ஒன்றோ இரண்டோ ஃபில்டர், டீசல் பம்ப், பிறகு கெட்டியான இரும்புப் பைப்புகள், நாசில். நாசிலிலும் பம்பிலும் மிஞ்சுகிற டீசல் ரிட்டர்ன் லைனில் திரும்பிப் போகும். இதில் டீசல் பம்பின் வாய் வரைக்கும் அழுத்தம் மிகக் குறைவு. அங்கே கைக்கருவிகளை வைத்துக்கொண்டு நீங்களே வேலை செய்யலாம். பம்பைத் தாண்டியபின் கதை வேறு. நேரடியாகச் சிலிண்டரில் டீசல் தெளிக்கிற எஞ்சின்களில் நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். பாதையின் இந்த இரண்டு பாதிகளையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புகையைப் பாருங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செல்ஃப் அடித்துக்கொண்டே சைலன்ஸரைப் பாருங்கள். எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்தால் டீசல் போகிறது, எரியத்தான் இல்லை. அப்போது பேட்டரி பலவீனம், கம்ப்ரஷன் குறைவு, டைமிங் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும், ஃபில்டரைக் கழற்றிப் பயனில்லை. ஓடும் வண்டி இழுவையில்லாமல் கறுப்புப் புகை கக்கினால் டீசல் பற்றாக்குறை அல்ல. காற்று பற்றவில்லை, அல்லது நாசில் ஒழுகுகிறது. ஏர் கிளீனரின் எண்ணெய்க் கிண்ணத்தை முதலில் கழுவுங்கள். டீசல் பற்றாத வண்டி கறுப்பாகப் புகைக்காது. சுமை ஏறியதும் மூச்சு வாங்கி, வேகம் இறங்கி, சத்தமில்லாமல் நின்றுபோகும்.

புகையே வராத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாப் கேபிள். நிறுத்துவதற்கு இழுத்த குமிழ் முழுதாக உள்ளே திரும்பாமல் நின்றிருக்கும். அல்லது குமிழ் திரும்பியிருக்கும், துருப்பிடித்த கேபிள் உள்ளே சிக்கிப் பம்பின் மேல் இருக்கும் நெம்புகோல் "நிறுத்து" நிலையிலேயே இருக்கும். ஒருவர் குமிழை இழுத்துத் தள்ளட்டும். நீங்கள் பம்பருகே நின்று நெம்புகோல் முழுதாகப் போய் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். சாவியால் நிற்கும் பின்னாள் வண்டிகளில் இந்த வேலையைப் பம்பின் மேல் இருக்கும் சிறிய சொலினாய்டு செய்கிறது. சாவியைத் திருப்பும்போது அது "டிக்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். சத்தம் இல்லை என்றால் வயரைப் பாருங்கள்.

டேங்க்

டேங்க் மூடியில் ஒரு சிறு துளை உண்டு. டீசல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே வரும். சேற்றுழவில் அந்தத் துளை அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். அரைமணி நேரம் நன்றாக ஓடி நிற்கிற வண்டியில் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் கோளாறு அதுதான். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டால் வேலை முடிந்தது. மூடி தொலைந்துபோய், துணியையோ பாலிதீன் பையையோ கட்டி ஓட்டுகிற வண்டிகளிலும் இதே கதைதான். பாலிதீன் காற்றை விடாது, துணி தூசியை விடும். சரியான மூடி வாங்கிப் போடுங்கள்.

அதே மாதிரி ஓடி ஓடி நிற்கிற இன்னொரு கோளாறு டேங்கின் அடியில் இருக்கிறது. வைக்கோல் துண்டு, துருச் செதில், கேனிலிருந்து ஊற்றும்போது விழுந்த பிளாஸ்டிக் சீல் என்று ஏதாவது ஒன்று டீசலின் ஓட்டத்தோடு வந்து திறப்பானின் வாயில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் இழுப்பு நின்றுவிடும், குப்பை விலகி மிதக்கும். பத்து நிமிடம் கழித்து அடித்தால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். இதை ஓட்டுநர்கள் "சூடாகி நிக்குது" என்று சொல்வார்கள். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபீட் பம்பின் வாயில் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுத் திறப்பானைத் திறங்கள். டீசல் தாரையாக, குறையாமல் வர வேண்டும். பாட்டில் நிறையும் வரை பாருங்கள். முதலில் வேகமாக வந்து பிறகு மெலிந்தால் அடைப்பு இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, சைக்கிள் பம்பால் ஹோஸ் வழியாக டேங்கை நோக்கிக் காற்றடியுங்கள். டேங்குக்குள் குமிழி வெடிக்கும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது. ஆனாலும் குப்பை டேங்கிலேயேதான் கிடக்கிறது. வேலை குறைந்த நாளில் டேங்கை இறக்கிக் கழுவினால்தான் அது தீரும்.

டேங்கையும் ஃபீட் பம்பையும் இணைக்கிற ரப்பர் ஹோஸை வெளியிலிருந்து பார்த்து எடைபோடாதீர்கள். டெல்டாப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. ஏற்கெனவே வேறு இடத்தில் பம்பைக் கழற்றிக் கலிபரேஷன் செய்து மாட்டியிருந்தார்கள். "அண்ணே, நாசில் மாத்தியாச்சு, பம்பும் பாத்தாச்சு, கலப்பைய எறக்குனா ரெண்டு சால்ல நின்னுடுது" என்றார் ஓட்டுநர். ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் கிழித்துப் பார்த்தோம். உள்பக்கத்து ரப்பர் உப்பி, ஒரு தோல் நாக்கைப்போலப் பிரிந்து தொங்கியது. மெதுவாக ஓடும்போது டீசல் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. சுமை ஏறி இழுப்பு கூடியதும் அந்த நாக்கே வழியை மூடியிருக்கிறது. வெளியே பார்த்தால் புது ஹோஸ் போலத்தான் இருந்தது. டீசலுக்கென்று விற்கும் ஹோஸையே வாங்குங்கள். தண்ணீருக்குப் போடும் பச்சைக் குழாய் டீசலில் ஊறி மெத்தென்று ஆகிவிடும்.

ரப்பரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பங்க்குகளில் கிடைக்கும் பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். தான். கந்தகம் குறைக்கிற சுத்திகரிப்பு டீசலின் மற்ற சேர்மானங்களையும் கொஞ்சம் மாற்றுகிறது. பல ஆண்டுகள் பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ஓ-ரிங்குகள் புதுசில் சுருங்கிக் கசியலாம். 1993-ல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோதும் இப்படிக் கசிவுகள் தெரியவந்தன. ஓ-ரிங்கை மாற்றினால் போதும். இதைச் சாக்காக வைத்து டேங்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. டீசலுக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் வழவழப்புக்கும் வரம்பு இருக்கிறது, அதற்கான மருந்தைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே கலந்துதான் அனுப்புகிறார்கள். பம்பின் வழவழப்பை உண்மையில் கெடுப்பது மண்ணெண்ணெய்க் கலப்படம்.

தண்ணீர்

பாதி காலியான டேங்கில் இரவில் காற்று குளிரும்போது ஈரம் துளித்துளியாகச் சுவரில் படிந்து கீழே இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும், திறப்பானும் அடியில்தான் இருக்கிறது. ஃபில்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து கால் பாட்டில் அளவு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் ஓரமாக வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அடியில் கோடு கட்டிப் பிரிந்து நிற்கும். பால்போலக் கலங்கிக் கிடந்தாலும் தண்ணீர்தான். கறுத்த வழுவழுப்பான பாசி வந்தால், தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றன என்று பொருள். அந்த டேங்கைக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் புது ஃபில்டரும் சீக்கிரமே அடைபடும்.

தண்ணீரை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பம்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கே டீசல்தான் எண்ணெயும். அதன் இடத்தில் தண்ணீர் போனால் துரு பிடிக்கும், கீறும், சிக்கும். அறுவடை முடிந்து மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி டேங்கோடு நிறுத்திய வண்டிதான் அடுத்த போகத்தில் பம்ப் கடைக்குப் போகும்.

காற்று

டீசல் அமுங்காது, காற்று அமுங்கும். பிளஞ்சர் 200 பாருக்கு அழுத்த வேண்டிய இடத்தில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் பிளஞ்சர் அந்தக் குமிழியை அமுக்கிக்கொண்டு நிற்கும், நாசில் திறக்காது. டீசல் தீர்ந்து நின்ற வண்டியில், ஃபில்டர் மாற்றிய வண்டியில் காற்று இருப்பது இயல்பு. காரணமே இல்லாமல் திரும்பத் திரும்பக் காற்று பிடித்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

டிராக்டரில் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருப்பதால் ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வசதி உண்டு. வண்டி நிற்கும்போது டீசல் அதன் வழியாக வெளியே கசியும், கசிந்த இடத்தில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் படியும். ஓடும்போது அதே ஓட்டை காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் கறுப்புப் படிவைத் தேடுங்கள். டேங்க் தாழ்வாக இருக்கிற வேன், லாரிகளில் கசிவு வெளியே தெரியாது. காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதுதான் அங்கே அடையாளம். இரவு முழுக்கக் காற்று உள்ளே போய் டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கும்.

ஃபில்டர் மாற்றியபின் காற்று பிடிக்க ஆரம்பித்தால் தலைப்பகுதியின் பள்ளத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் கறுத்து இறுகி அங்கேயே ஒட்டியிருக்கும், அதன் மேலேயே புது வளையத்தைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். எவ்வளவு இறுக்கினாலும் அது அடைக்காது. இரண்டு ஃபில்டர் உள்ள வண்டியில் டீசல் முதலில் போகிற கிண்ணத்தில் துணி அல்லது ஃபெல்ட் ஃபில்டர், இரண்டாவதில் பேப்பர் ஃபில்டர். மாற்றிப் போட்டால் பேப்பர் வெகு சீக்கிரம் அடைந்துபோகும்.

இனி காற்றை எடுக்கும் முறை. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். திருகுகளைச் சுற்றி டீசலும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தமாகத் துடையுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டால் திறக்கும்போது மண் நேராகப் பம்புக்குப் போகும். முதல் ஃபில்டரின் தலையில் இருக்கும் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைக்குமிழை அடியுங்கள். முதலில் வெறும் காற்று சீறும், பிறகு வெள்ளை நுரை, பிறகு குமிழி கலந்த டீசல், கடைசியில் குமிழியே இல்லாத தெளிந்த தாரை. டீசல் வந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும், நின்றபின் இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அடுத்து இரண்டாவது ஃபில்டர், அடுத்து பம்பின் பக்கவாட்டுத் திருகு, இதே முறையில். ரோட்டரி பம்பில் இரண்டு இடங்கள் உண்டு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் உறைமேல் ஒன்று, பைப்புகள் கிளம்புகிற தலைப்பகுதியின் பக்கத்தில் ஒன்று.

எவ்வளவு நேரம் அடித்தாலும் ஃபில்டர் தலையில் குமிழி நிற்கவில்லை என்றால் அடிப்பதை நிறுத்துங்கள். ஓட்டை உங்களுக்கும் டேங்குக்கும் நடுவே இருக்கிறது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸைத் தற்காலிகமாகப் போடுங்கள். அதற்குள் குமிழி ஓடினால் டேங்கிலிருந்து அதுவரை உள்ள பாதையில் ஓட்டை. குமிழி இல்லை என்றால் ஃபீட் பம்பிலோ அதற்கு அடுத்த இணைப்பிலோ.

பைப்பை இணைக்கும் குடைவான பாஞ்சோ போல்ட்டின் செப்பு வாஷர்கள் ஒருமுறை நசுங்கியதும் இறுகிவிடும். புதிது கிடைக்காத இடத்தில் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு போலல்லாமல் செம்பு இப்படிச் செய்தால் மெத்தென்று ஆகும், இன்னொருமுறை போடலாம். கசிகிறதே என்று ஸ்பேனரில் பைப்பைச் செருகி இறுக்கினால் அலுமினியத் தலையின் மரை உரிந்துவிடும், வாஷர் வாங்க வந்தவர் ஃபில்டர் தலை வாங்க வேண்டியிருக்கும்.

ஃபீட் பம்ப்

வரிசைப் பம்பின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபீட் பம்பில், டீசல் உள்ளே வருகிற இடத்தில் ஒரு சின்ன வலை உண்டு. சில மாடல்களில் அது கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இருக்கும், சிலவற்றில் போல்ட்டின் குடைவுக்குள் ஒளிந்திருக்கும். அப்படி ஒன்று இருப்பது தெரியாமலேயே பல ஆண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஃபில்டர் புதிது, டேங்க் சுத்தம், ஆனாலும் இழுவை இல்லை என்றால் அந்த வலையைப் பாருங்கள். கைக்குமிழை அடித்து முடித்ததும் கீழே அழுத்தித் திருகி மூட வேண்டும். திறந்து விட்டால் அதன் தண்டின் வழியாகக் காற்று இழுக்கும். அடிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் குமிழ் ஏறி இறங்கினால் உள்ளே இருக்கும் வால்வுகளில் தூசி சிக்கியிருக்கலாம். கழற்றிக் கழுவி மாட்டுங்கள், பெரும்பாலும் சரியாகும்.

எஞ்சின் பக்கவாட்டில் டயாஃப்ரம் வகை ஃபீட் பம்ப் உள்ள வண்டிகளில் கையால் அடிக்கச் சிறு நெம்புகோல் இருக்கும். அது சில சமயம் தளர்ந்து வெறுமனே ஆடும், டீசல் வராது. பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சினின் கேம் மேடு அந்த நேரத்தில் டயாஃப்ரத்தை ஏற்கெனவே இழுத்துப் பிடித்திருக்கிறது. எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் நெம்புகோலில் பிடிமானம் தெரியும். இந்த வகையில் கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு. டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் குச்சியில் அளவு ஏறியிருக்கிறது, முகர்ந்தால் டீசல் வாசனை அடிக்கிறது என்றால் அந்த நிமிடமே எஞ்சினை நிறுத்துங்கள். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போகும். டயாஃப்ரத்தை மாற்றி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றியபிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கேன் சோதனை

சந்தேகம் தீராதபோது இந்தச் சோதனை பாதையை இரண்டாக வெட்டிக் காட்டிவிடும். சுத்தமான 5 லிட்டர் கேனில் வடிகட்டிய டீசல் எடுத்து, எஞ்சினைவிட உயரத்தில், சைலன்ஸரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். கேனிலிருந்து ஒரு ஹோஸை ஃபீட் பம்பின் வாயில் மாட்டி, காற்றெடுத்து, வண்டியை வேலைக்கு விடுங்கள். கோளாறு மறைந்துவிட்டால் டேங்கு, திறப்பான், பைப் இவற்றில்தான் குற்றம். மறையவில்லை என்றால் கேனின் ஹோஸை ஃபில்டரின் வாய்க்கு மாற்றுங்கள். ஃபீட் பம்பை மறுபடி டேங்குப் பைப்போடு இணைத்து, அதன் வெளிவாயை ஒரு பாட்டிலில் விடுங்கள். இப்போது ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி நின்று ஓடினால் ஃபீட் பம்ப் குற்றவாளி. பாட்டிலில் அது துள்ளித் துள்ளி வலுவாக அடிக்கிறதா, அழுகிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டாம் சோதனையில் வண்டியை உழவுக்கு விடாதீர்கள். முழுச் சுமைக்கு ஃபீட் பம்பின் அழுத்தம் தேவை, கேனின் உயரம் அதைக் கொடுக்காது.

இதையும் தாண்டிவிட்டால் ஃபில்டரை மாற்றுங்கள். அடுத்து வரிசைப் பம்பில் ரிட்டர்ன் லைன் கிளம்புகிற போல்ட்டைப் பாருங்கள். அது வெறும் போல்ட் அல்ல. உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு, பம்புக்குள் டீசலை ஓர் அழுத்தத்தில் நிறுத்தி வைப்பது அதுதான். ஸ்பிரிங் ஒடிந்தாலோ, எப்போதோ ஒருவர் அது தொலைந்தது என்று சாதாரண பாஞ்சோ போல்ட்டை மாட்டியிருந்தாலோ, டீசல் நிற்காமல் டேங்குக்கே திரும்பிப் போகும். வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. விலை மலிவான இந்தப் பொருளுக்காகப் பம்ப் கழற்றப்படுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

அழுத்தப் பக்கம்

இங்கிருந்து உங்கள் கையைக் காப்பாற்றிக்கொள்வது முதல் வேலை. கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் நூறு மடங்கு அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே குண்டூசி குத்தியதுபோல்தான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரிடும். அப்படி நடந்தால் மஞ்சள் பற்று போட்டுக் காத்திருக்காதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் "அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது" என்று சொல்லுங்கள். கசிவைத் தேடும்போது விரலால் தடவாமல் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

நாசில் பக்கத்து யூனியன் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து, செல்ஃப் அடியுங்கள். ஒரே மூச்சில் பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவே மோட்டார் ஆற இடைவெளி விடுங்கள். எல்லா நட்டுகளிலும் டீசல் துள்ளி வந்ததும் இறுக்குங்கள். பம்ப் பக்கத்து நட்டைத் தொட நேர்ந்தால், அதன் கீழே இருக்கும் டெலிவரி வால்வின் உறையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், அது சேர்ந்து சுற்றக் கூடாது.

வண்டி ஓடுகிறது, ஆனால் மிஸ்ஸிங் அடிக்கிறது என்றால் மெதுவாக ஓடவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பேனரின் முனையைப் பிடித்து ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறும், தடுமாறும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாதது. அதன் நாசிலை அடுத்த சிலிண்டரின் நாசிலோடு மாற்றி மாட்டுங்கள். மாட்டும்போது அடியில் பழைய செப்பு வாஷர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு வாஷர் சேர்ந்தால் நாசிலின் உயரமே மாறிவிடும். குற்றம் நாசிலோடு இடம் மாறினால் நாசில் டெஸ்ட்டுக்குப் போகட்டும். அதே சிலிண்டரிலேயே நின்றால் அந்த வரிசையின் பம்ப் எலிமென்ட் (பிளஞ்சரும் அதன் உறையும்), டெலிவரி வால்வ், அல்லது சிலிண்டரின் கம்ப்ரஷன். நாசிலைக் கழற்றி வெளியே பைப்பில் மாட்டித் தெளித்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதற்கென்று கையால் அடிக்கும் டெஸ்ட்டர் எல்லாப் பம்ப் கடைகளிலும் இருக்கிறது.

பம்பையே சந்தேகிக்க வேண்டியபோது

பம்ப் வாய்க்குக் குமிழி இல்லாத டீசல் வலுவாக வருகிறது, ஸ்டாப் நெம்புகோல் சரி, நாசில்கள் சரி, ஆனாலும் யூனியன் நட்டில் டீசல் துள்ளவில்லை. இப்போது பம்பைச் சந்தேகிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பல மாதம் சும்மா நின்ற வரிசைப் பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் தண்டு பிசின் பிடித்துச் சிக்கியிருக்கலாம். பக்கத்து மூடி உள்ள மாடலில் அதைத் திறந்து, சுத்தமான டீசல் ஊற்றி ஊறவிட்டு, ராக்கை மெதுவாக அசைத்தால் சில சமயம் விடுபடும். சுத்தியலால் தட்டாதீர்கள். அப்படி விடுவித்த வண்டியை முதலில் ஸ்டார்ட் செய்யும்போது ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி, ஒரு தட்டையான மரப்பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். ராக் முழு டீசலில் சிக்கி எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறினால் ஸ்டாப் கேபிள் உதவாது, காற்று வாயைப் பலகையால் மூடுவதுதான் வழி. கையாலோ துணியாலோ மூடக் கூடாது.

ரோட்டரி பம்பின் தேய்மானத்துக்குத் தெளிவான ஓர் அடையாளம் உண்டு. குளிர்ந்தபோது உடனே ஸ்டார்ட் ஆகும், சூடானபின் நிறுத்தினால் மறுபடி பிடிக்காது. சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த ரோட்டரின் இடுக்கில் நழுவிவிடுகிறது. நின்ற எஞ்சினில் பம்பின் மேல் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தபின் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் உறுதி. ஓடும் பம்பின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சிக்கிவிடும்.

கழற்றுவதற்கு முன் பம்பின் விளிம்பும் எஞ்சினும் சேருமிடத்தில் கூரிய உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும், இல்லையென்றால் டைமிங் மாறிவிடும். பைப் வாய்களை உடனே மூடிகளால் அடையுங்கள். கவர்னர் திருகில் கட்டியிருக்கும் சீல் கம்பியை நீங்கள் அறுக்க வேண்டாம். கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்று கண்ணாடிக் குழாய்களில் காட்டச் சொல்லுங்கள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வரிசைப் பம்புகள் பலவற்றுக்குச் சொந்தமாக ஆயில் அறை உண்டு. கடையிலிருந்து வருகிற பம்பில் அது காலியாக இருக்கலாம். மாட்டியதும் மேல்திருகைத் திறந்து, அளவுக் குறி வரை எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள், காற்றெடுங்கள், பிறகு செல்ஃபைத் தொடுங்கள்.